ஏற்பதும் மாற்றுவதும்: தென்காசிச் சீமையின் பழைய கேள்வி

மலையில் மழை வலுத்துவிட்டால் குற்றாலம் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டும். உடனே போலீசார் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வேன் பிடித்து விடிகாலையில் வந்திறங்கிய குடும்பங்கள் துண்டும் கையுமாக நிற்கும். பிள்ளைகள் அழும். வீட்டுப் பெரியவர் ஒருவர் முன்னால் போய், "தலைய மட்டும் நனச்சிட்டு வந்திருதோம் சார்" என்று தொடங்குவார். அடுத்த ஐந்து நிமிடத்தில் அது வாக்குவாதமாகும். சீசன் காலத்தில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. தடைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனைக் கொண்டுபோனது.

அந்தப் பெரியவரின் கோபம் உண்மையில் யார் மீது? போலீஸ்காரர் மழையை வரவழைக்கவில்லை. செலவழித்த பணமும் பிள்ளைகளின் ஏமாற்றமும் சேர்ந்து, "இப்படி நடந்திருக்கக் கூடாது" என்று மனம் அடம்பிடிக்கிறது. நடந்துவிட்ட ஒன்றை நடக்கவில்லை என்று ஆக்கப் பார்க்கும் இந்த அடத்தைத்தான் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் துன்பத்தின் பெரிய ஊற்று என்று அடையாளம் கண்டார். வலி வேறு, வலியை மறுப்பதால் கூடுகிற துன்பம் வேறு என்பது அவர் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபியின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. சுருக்கமாக டி.பி.டி. என்பார்கள்.

இந்தச் சிகிச்சை சொகுசான ஓர் ஆய்வறையில் பிறந்ததல்ல. 1943இல் ஓக்லஹோமா மாநிலத்தில் துல்சா நகரில் பிறந்த லினஹன், 1961இல், பதினேழு வயதில், கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டில் உள்ள மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட அந்தப் பெண்ணைத் தனியறையில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கே கழிந்தன. வெளியே வந்தவர் இரவுக் கல்லூரியில் படித்து, சிகாகோவின் லயோலா பல்கலைக்கழகத்தில் 1971இல் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். தன் கதையைப் பல ஆண்டுகள் பொதுவில் சொல்லவில்லை. 2011இல், தன்னை முன்பு பூட்டிவைத்த அதே மருத்துவமனையில் கூட்டத்தின் முன் நின்று சொன்னார்.

அவர் தேர்ந்துகொண்ட நோயாளிகள், மற்ற மருத்துவர்கள் கைவிரித்தவர்கள்: மீண்டும் மீண்டும் தற்கொலைக்கு முயன்ற பெண்கள். முதலில் நடத்தையை மாற்றும் உத்திகளை மட்டும் கற்பித்தார். "அப்படியானால் தப்பெல்லாம் என்னுடையதா?" என்று அவர்கள் கொதித்தார்கள். சரி என்று, மாற்றத்தை விட்டுவிட்டுக் கனிவோடு கேட்பதை மட்டும் செய்தார். "இந்த நரகத்திலேயே நான் கிடக்கட்டும் என்கிறீர்களா?" என்று அதற்கும் கொதித்தார்கள். இரண்டு குற்றச்சாட்டிலும் நியாயம் இருந்தது. மாறு என்றால் அவமானம். இருப்பதை ஏற்றுக்கொள் என்றால் கைவிடல். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது.

ஏற்பது எப்படி என்பதை உளவியல் நூல்கள் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கத்தோலிக்கரான அவருக்கு 1967இல் சிகாகோவின் ஒரு சிற்றாலயத்தில், பிரார்த்தனை நேரத்தில், தான் நேசிக்கப்படுவதாக ஓர் அனுபவம் நேர்ந்தது. பின்னாளில் அதைக் கற்பிக்கத்தக்க பயிற்சியாக்க விரும்பியவர், கலிஃபோர்னியாவின் சாஸ்தா மடத்திலும் ஜெர்மனியில் வில்லிகிஸ் யேகரிடமும் ஜென் பயின்றார். யேகர் பெனடிக்ட் சபைத் துறவி. ஜப்பானின் காமகுராவில் யமாதா கோவுன் என்ற ஜென் ஆசானிடம் கற்றவர். அதே யமாதா கோவுனிடம் கற்ற இன்னொருவர் தமிழரான இயேசு சபைத் துறவி அமா சாமி. கொடைக்கானல் பெருமாள்மலையில் போதி ஜெண்டோ என்ற தியான நிலையத்தை 1996இல் தொடங்கியவர் அவர்தான். சியாட்டிலின் சிகிச்சை அறைக்கும் பெருமாள்மலையின் தியான மண்டபத்திற்கும் ஒரே ஆசான் வழியில் உறவு இருப்பது தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாத செய்தி.

இனி தத்துவச் சிக்கல். ஒன்றை முழுதாக ஏற்றுக்கொண்டவர் அதை ஏன் மாற்ற வேண்டும்? மாற்றத் துடிப்பவர் அதை ஏற்றுக்கொண்டதாக எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கேள்விக்குத் தென்காசி மாவட்டத்தின் கோயில்களே இரண்டு வகையான விடைகளை வைத்திருக்கின்றன. குற்றாலநாதர் கோயிலின் தலபுராணம் ஒன்று. அது முன்பு திருமால் கோயிலாக இருந்ததாம். சைவரான அகத்தியரை உள்ளே விட மறுத்தார்கள். அவர் வைணவ வேடத்தில் நுழைந்து, நின்ற திருமேனியின் தலையில் கைவைத்து அழுத்திக் குறுக்கிச் சிவலிங்கமாக்கினார் என்கிறது கதை. சங்கு வடிவில் அமைந்த அந்தக் கோயில் இன்றும் பழைய நினைவைச் சுமந்து நிற்பதாகப் பக்தர்கள் சொல்வார்கள். ஒன்று மற்றொன்றாக மாற்றப்பட்ட கதை இது. வென்றவர் உண்டு, தோற்றவர் உண்டு.

சங்கரன்கோவிலின் கதை வேறு. நாக அரசர்கள் சங்கன், பதுமன் இருவருக்கும் ஓயாத சண்டை. சங்கன் சிவனே பெரியவர் என்பான், பதுமன் திருமாலே பெரியவர் என்பான். கோமதி அம்மன் இருவரும் ஒருவராகக் காட்சி தர வேண்டித் தவமிருந்தாள். அந்தத் தவத்தின் பலனாக வலப்பக்கம் சிவனும் இடப்பக்கம் திருமாலுமாகச் சங்கரநாராயணர் தோன்றினார். ஆண்டுதோறும் ஆடித்தபசுத் திருநாளில் லட்சக்கணக்கானோர் கூடுவது இந்தக் காட்சிக்காகத்தான். அந்தச் சன்னிதியில் திருநீறும் உண்டு, துளசித் தீர்த்தமும் உண்டு. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அங்கே சிவனும் திருமாலும் கரைந்து மூன்றாவதாக ஒரு சாமி ஆகிவிடவில்லை. சடைமுடி சடைமுடியாக இருக்கிறது, மணிமுடி மணிமுடியாக இருக்கிறது. லினஹன் தேடியதும் ஏறத்தாழ இப்படியொரு நிலைதான். ஏற்பில் பாதி, மாற்றத்தில் பாதி என்று கலந்து நீர்த்துப்போன நடுவழியில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஏற்பும் முழுதாக வேண்டும், மாற்றமும் முழுதாக வேண்டும். நோயாளியைப் பற்றி அவர் வகுத்த அடிப்படை நம்பிக்கைகளில் இரண்டு இப்படி: இவர் தன்னால் இயன்ற அளவு முயன்றுகொண்டுதான் இருக்கிறார், இவர் இன்னும் கடுமையாக முயல வேண்டும். இரண்டும் உண்மை.

திருக்குறள் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஊழ் என்ற 38ஆம் அதிகாரம், ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்று முடிகிறது. ஆள்வினையுடைமை என்ற 62ஆம் அதிகாரமோ, சோராமல் உழைப்பவர் ஊழையே புறங்காண்பார் என்று முடிகிறது. ஒரே புலவர், ஒரே நூல். உரையாசிரியர்கள் இந்த முரணைத் தீர்க்கப் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். வள்ளுவர் தீர்க்கவில்லை. இரண்டையும் அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் இந்த இடத்தில் ஒரு கடுமையான ஆட்சேபம் எழுகிறது, அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. நம் ஊரில் ஏற்பைப் பற்றிப் பேசுகிறவர் பெரும்பாலும் யார்? கேட்கிறவர் யார்? மாமியார் வீட்டில் அடிவாங்கி வரும் பெண்ணிடம் "பொறுத்துப் போம்மா" என்கிறார்கள். "எல்லாம் தலையெழுத்து" என்று தலித் குடியிருப்புகளுக்கு நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஏற்றுக்கொள்ளச் சொல்லும் எந்தத் தத்துவமும், மேலே இருப்பவர் வாயிலிருந்து வரும்போது, அடக்குமுறையின் இனிய குரலாகிவிடலாம்.

இதற்கான உதாரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்காசிக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடு முழுவதும் அதிர்ந்தது. அரசியல் தலைவர்கள் படையெடுத்தார்கள். வெளிநாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். மாறியவர்களோ அன்றாடம் பட்ட சாதி இழிவையே காரணமாகச் சொன்னார்கள். அந்த மக்களிடம் போய், "உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்ளுங்கள், மனம் அமைதியடையும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய அநீதி!

டி.பி.டி.யைச் சரியாகக் கற்றவர் அப்படிச் சொல்ல மாட்டார். எந்தப் பிரச்சினைக்கும் முன்னால் லினஹன் வைக்கும் வழிகளில் முதலாவது, பிரச்சினையைத் தீர்ப்பது. அதைப் பற்றிய உணர்வை மாற்றுவதும், அதை ஏற்றுத் தாங்குவதும் பிறகு வருகின்றன. உணர்ச்சியைக் கையாளும் பயிற்சியிலும் முதல் வேலை, எழுந்த உணர்ச்சி உண்மைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது. பொருந்தாத உணர்ச்சி என்றால் அது தூண்டுவதற்கு நேர் எதிராக நடந்து பார்க்கச் சொல்கிறார்: பயம் ஓடச் சொன்னால் அருகே போவது, கோபம் பாயச் சொன்னால் மெதுவாக விலகுவது. பொருந்துகிற உணர்ச்சி என்றால் அதை அடக்கச் சொல்லவில்லை. அது காட்டும் பிரச்சினையைத் தீர்க்கச் சொல்கிறார். பேரருவியில் போலீஸ்காரரிடம் கத்தியவரின் கோபம் உண்மைக்குப் பொருந்தாதது. மீனாட்சிபுரத்தின் கோபம் முழுக்க முழுக்கப் பொருந்தியது. இரண்டையும் ஒரே குளிர்ந்த நீரால் அணைக்க முயல்வது சிகிச்சையாகாது.

லினஹன் சொல்லும் முழு ஏற்பு, நடந்ததைச் சரி என்று ஒப்புக்கொள்வதில்லை. நடந்தது நடந்தது என்று கண்ணைத் திறந்து பார்ப்பது. அடிவாங்கும் பெண் முதலில் ஏற்க வேண்டிய உண்மை, "இந்த ஆள் என்னை அடிக்கிறான், நாளைக்கு மாறிவிடுவான் என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லை" என்பது. அதை ஏற்ற பிறகுதான் அவள் பெட்டியைக் கட்ட முடியும். பொறுத்துப் போகச் சொல்கிறவர்கள் அவளை ஏற்கச் சொல்வதில்லை, காணாதது போல் இருக்கச் சொல்கிறார்கள். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு டி.பி.டி.யைத் தமிழ்நாட்டில் கற்பித்தால், அது பழைய அறிவுரைக்குப் புதிய சட்டை மாட்டிய கதையாகிவிடும்.

சண்டை எல்லாம் இவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. பெரும்பாலானவை வீட்டுக்குள், வரப்போரத்தில் நடப்பவை. சிற்றாற்றுப் பாசனத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் அண்ணன் தம்பி இருவருக்குப் பொதுவாக ஒரு கிணறு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டார் ஓட்ட முறை வைத்திருக்கிறார்கள். தம்பியின் முறையில் அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டார். தம்பிக்கு வாயில் முதலில் வருவது, "ஒங்க புத்தியே இதான்" என்பதுதான். அதற்குமேல் பேச்சு கிணற்றைப் பற்றி இருக்காது. அப்பா இருந்த காலத்துக் கணக்கு, தங்கச்சி கல்யாணத்துச் செலவு, மைனி சொன்ன ஒரு சொல் எல்லாம் மேலே வரும்.

உறவைக் கெடுக்காமல் கேட்பதைக் கேட்பதற்கு டி.பி.டி. ஒரு வரிசை சொல்கிறது. முதலில் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும், தீர்ப்பு வேண்டாம்: "அண்ணே, செவ்வாயும் புதனும் எம் முறை. ரெண்டு வாரமா செவ்வாக்கெழம ஒங்க மோட்டார் ஓடுச்சு." பிறகு தன் நிலை: "எனக்கு நாத்து காய்ஞ்சு போவுது, ராத்திரி தூக்கம் வரல." பிறகு வேண்டியதை நேராக: "இந்த வாரத்துலேர்ந்து செவ்வாக்கெழம எனக்கு விட்டுக்குடுங்க." அவருக்கும் இதில் என்ன நன்மை என்பது அடுத்து: "முறை ஒழுங்கா இருந்தா நாளைக்கு நம்ம பிள்ளைகளும் சண்டை போடாம இருக்கும்." அண்ணன் கல்யாணச் செலவை இழுத்தால் அதற்குப் பதில் சொல்லப் போகாமல் மறுபடியும் செவ்வாய்க்கிழமைக்கே வர வேண்டும். விட்டுக்கொடுக்க இடமிருந்தால் கொடுக்கலாம்: "அவசரம்னா புதன் ராத்திரி நீங்க பாய்ச்சிக்கிடுங்க." இதில் எந்த மந்திரமும் இல்லை. அண்ணன் ஒப்புக்கொள்வார் என்ற உத்தரவாதமும் இல்லை. பேசி முடித்த பிறகு தம்பி தன்னை மதிக்க முடியும், அண்ணன் முகத்தில் விழிக்க முடியும். இந்தப் பயிற்சி தம்பிக்குத் தருவது அவ்வளவுதான், அது குறைவானதும் அல்ல.

கேட்கும் கலைக்குத் தென்காசியில் ஒரு பழைய சாட்சி கல்லில் இருக்கிறது. காசி விசுவநாதர் கோயிலை 1446இல் எழுப்பத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் ஒரு பாடலைக் கல்வெட்டாக்கியிருக்கிறான். இந்தக் கோயிலுக்குப் பின்னாளில் ஏதேனும் குறை நேர்ந்து, அதைச் சரிசெய்து காப்பவர் எவராக இருந்தாலும், அவரை உலகறியப் பணிவதாகச் சொல்கிறான். காப்பாற்றாதவனுக்குச் சாபம் இடும் கல்வெட்டுகள் தமிழகத்தில் ஏராளம். ஆணையிடும் அதிகாரம் படைத்தவன், தன் அதிகாரம் எட்டாத காலத்தை நோக்கிப் பணிந்து கேட்டது அரிது. தன் கட்டடம் ஒருநாள் சிதையும் என்பதை அவன் ஏற்றுக்கொண்டான். ஏற்றுக்கொண்டதால் கட்டாமல் விடவில்லை. ராஜகோபுரம் பின்னாளில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்று, 1990இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது.

குற்றாலத்தையும் டி.பி.டி.யையும் சேர்த்துப் பேசும்போது தண்ணீரை விட்டுவிட முடியாது. மனம் கொந்தளித்து அறிவு வேலை செய்யாத நேரத்துக்கு லினஹன் தரும் முதலுதவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் சுமார் அரை நிமிடம் அமிழ்த்துவது. நீரில் மூழ்கும் உயிரினங்களுக்கு இருக்கும் அனிச்சைச் செயல் அப்போது தூண்டப்பட்டு, வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. தண்ணீர் பத்து டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகக் கூடாது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. அருவியில் நின்றால் பித்தம் தெளியும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. தலையிலும் தோளிலும் விழும் அருவியும் முகம் அமிழும் பாத்திரமும் ஒன்றல்ல, ஆகவே ஒன்றை வைத்து மற்றொன்றை நிரூபிக்க வேண்டாம். உடலின் வழியாக மனத்தை அணுகலாம் என்ற எண்ணம் மட்டும் இரண்டுக்கும் பொது.

மனம் கலங்கியவர்கள் கோயிலைத் தேடி வருவதும் இந்த மாவட்டத்தில் நெடுநாள் வழக்கம். சங்கரன்கோவிலில் கோமதி அம்மன் சன்னிதிக்கு முன்னுள்ள சக்கரக் குழியில் அமர்ந்து வேண்டினால் மனக்கோளாறு தீரும் என்று நம்பி வருபவர்கள் இன்றும் உண்டு. இதைக் கேலி செய்ய எதுவும் இல்லை. அசையாமல் ஓரிடத்தில் அமர்வதும், தன்னைவிடப் பெரிய ஒன்றிடம் சுமையை இறக்கி வைப்பதும் மனத்துக்கு ஆறுதல் தரக்கூடியவை. லினஹனின் கையேடே நெருக்கடியைத் தாங்கும் உத்திகளில் பிரார்த்தனையையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. துன்பத்தை எடுத்துவிடு என்று கேட்பதைவிட, தாங்க வலு கொடு என்று கேட்கும் பிரார்த்தனையை அது பரிந்துரைக்கிறது. கடவுளை நம்பாதவர் தனக்குள் இருக்கும், 'ஞான மனம்' என்று அது அழைக்கும் உள்ளறிவிடமே கேட்கலாம் என்கிறது. கடவுளை நீக்கிய பிறகும் பயிற்சி அப்படியே நிற்குமா என்பதில் பக்தருக்கும் உளவியலாளருக்கும் கருத்து வேறுபடலாம். பயிற்சி செய்கிறவருக்கு அந்த விவாதம் முடியும் வரை காத்திருக்க நேரம் இருக்காது.

நம்பிக்கை மட்டும் போதும் என்று விட்டால் என்னவாகும் என்பதையும் தமிழ்நாடு கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டுத் தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். அதன் பிறகு அரசு விழித்துக்கொண்டது. பின்னாளில் ஏர்வாடி தர்காவுக்கு வருபவர்களுக்குத் துவா என்னும் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கும்படி, தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர்கள் பார்க்கும் ஏற்பாடு வந்தது. தொழுகையை விடச் சொல்லவில்லை, மாத்திரையையும் விடவில்லை.

டி.பி.டி. மருந்துக் கடையில் வாங்குவது போன்றதல்ல. முழுமையான சிகிச்சை என்றால் வாரம் ஒருமுறை தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழு வகுப்பு, இடையில் நெருக்கடி வந்தால் சிகிச்சையாளரைத் தொலைபேசியில் அழைக்கும் வசதி, சிகிச்சையாளர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொள்ளும் கூட்டம் என்று நான்கும் வேண்டும். திறன்களைக் கற்று முடிக்கவே 24 வாரம் ஆகும், பலர் அதை இரண்டாம் முறையும் கற்பார்கள். 1991இல் வெளியான முதல் ஒப்பீட்டு ஆய்வு முதல் பல ஆய்வுகள் இதன் பலனைக் காட்டியிருக்கின்றன. 2006 ஆய்வில், அனுபவம் மிக்க பிற நிபுணர்களிடம் சென்றவர்களோடு ஒப்பிட்டால் டி.பி.டி. பெற்றவர்கள் தற்கொலைக்கு முயல்வது பாதியாகக் குறைந்திருந்தது. இவ்வளவு பெரிய ஏற்பாடு தென்காசி போன்ற மாவட்டத்துக்கு உடனே வந்துவிடாது. உயிருக்கே ஆபத்தான எண்ணங்களோடு இருப்பவருக்கு ஒரு கட்டுரையில் படித்த உத்தி போதாது. 104 என்ற மாநில உதவி எண்ணையோ 14416 என்ற டெலி மானஸ் எண்ணையோ அவர் உடனே அழைக்க வேண்டும்.

ஆனால் குழு வகுப்பு மட்டுமாவது சாத்தியம். அதற்குப் பெரிய கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை. பயிற்சி பெற்ற இருவரும், ஒரு கூடமும், தமிழில் எழுதிய தாள்களும் போதும். மாவட்ட மனநலத் திட்டம் என்ற அரசு அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஏர்வாடியில் ஒரு தர்காவோடு சேர்ந்து செய்ய முடிந்ததைச் சங்கரன்கோவிலிலும் பொட்டல்புதூர் தர்காவிலும் செய்து பார்க்கலாம். சக்கரக் குழியில் அமர்ந்து எழுந்து வரும் பெண்ணுக்கு வெளிப் பிரகாரத்தில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேர வகுப்பு; கூட வந்த கணவருக்கும் மாமியாருக்கும் அதே நேரத்தில் பக்கத்தில் இன்னொரு வகுப்பு. இரண்டாவது வகுப்பு இல்லாமல் முதல் வகுப்பை நடத்தவே கூடாது. ஏற்பதை அவளுக்கு மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு, மாறுவதை அவர்களிடம் கேட்காமல் விட்டால், அது அவளை மீண்டும் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் வேலையாகத்தான் முடியும்.